ஒட்டின கவர்

‘சேர்ப்பதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்களே சிஸ்டர், அதற்கு இரண்டு விரல் அகலம்தான் இடம் விட்டிருக்கிறீர்கள். மற்றதையெல்லாம் எழுதிவிட்டேன். பெயர் குஞ்சிதபாதம். வயது எண்பத்தொன்று. உறவுமுறை, மாமனார். ரத்தக் கொதிப்புக்குக் காலையில் ஒரு மாத்திரை. வலது முழங்காலில் தேய்மானம். காது நன்றாகக் கேட்கும். அதை மட்டும் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தக் கட்டத்தில்தான் பேனா நிற்கிறது. முதியோர் இல்லத்தில் சேர்க்க மற்றவர்கள் என்ன எழுதுவார்கள்? வெளிநாடு போகிறோம், பார்த்துக்கொள்ள ஆளில்லை, அப்படித்தானே? எங்கள் வீட்டில் அந்தக் கதை இல்லை. நான் இருபத்தெட்டு வருஷமாக வீட்டில்தான் இருக்கிறேன். எட்டு மணிக்கு இட்லி, ஒரு மணிக்குச் சாப்பாடு, நான்கு மணிக்குச் சர்க்கரை குறைத்த காபி. அத்தை போய் ஒன்பது வருஷம் ஆகிறது, ஒரு நாள் அவர் சட்டை கசங்கி இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. ‘நம்பிக்கைத் துரோகம்’ என்று எழுதினால் கட்டத்தில் அடங்கிவிடும். ஆனால் நீங்கள் ஏதோ திருட்டுக் கிழவரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று பயப்படுவீர்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷர் என்றுதான் சொல்வார்கள். அதுதான் எனக்குத் தொந்தரவே.

ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள் சிஸ்டர். தை மாதத்திலேயே இப்படி வேர்க்கிறது. நீங்கள் என்னைவிடச் சின்னவர், இருந்தாலும் நீங்கள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன் பாருங்கள். கான்வென்ட் பழக்கம். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டல். ஐம்பத்திரண்டு வயதிலும் வெள்ளை அங்கியைப் பார்த்தால் முட்டி தானாக நிமிர்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன், அவசரம் ஒன்றும் இல்லையே?

எனக்கு ஒரே பெண், சுபிக்‌ஷா. இருபத்தாறு வயது. மூன்று வருஷமாக பெங்களூரில் வேலை, இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வீடெடுத்துத் தங்கியிருக்கிறாள். போன புதிதில் என்னிடம்தான் தினமும் பேசுவாள். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. பிறகு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சிலும் மூன்றாவது நிமிஷத்தில் ஏதாவது வந்துவிடும். நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனா என்று நீங்களே சொல்லுங்கள். சாப்பிட்டாயா என்பேன். முகம் ஏன் சுண்டிப் போயிருக்கிறது, வீடியோவில் பார்க்கும்போது தலைக்கு எண்ணெய் கண்டு ஆறு மாசம் ஆனது போல இருக்கிறதே என்பேன். எடை போட்டிருக்கிறாய் என்பேன், அல்லது குறைந்திருக்கிறாய் என்பேன். ஓசூர் வரன் வீட்டில் பதில் கேட்கிறார்கள், எத்தனை நாள் அவர்களைக் காத்திருக்க வைப்பது என்பேன். தாய் வேறு என்ன கேட்பாள்? அவள் “ம்” என்பாள். “சரிம்மா, வைக்கட்டா” என்பாள். அவ்வளவுதான்.

ஆனால் தாத்தாவோடு பேசினால் சிரிப்புச் சத்தம் கேட்கும். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். நானேதான் செய்தேன், அதைத்தான் நினைத்து நினைத்து வயிறு எரிகிறது. என் பழைய ஃபோனை மாமாவுக்குக் கொடுத்து, பச்சையைத் தொட்டால் எடுக்கலாம், சிவப்பைத் தொட்டால் வைக்கலாம் என்று மூன்று நாள் பாடம் எடுத்தேன். தினமும் ஏழரை மணிக்கு உங்களைக் கூப்பிடும்படி அவளிடம் சொல்கிறேன் மாமா, நீங்கள் நாசூக்காக எல்லாம் விசாரித்து எனக்குச் சொல்லுங்கள் என்றேன். உடம்பு எப்படி, மனசு எப்படி, யாராவது பையன் இருக்கிறானா, எல்லாம்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? “கேக்கறதைக் கேக்கறேன் பிரேமா. அவ சொல்லச் சொன்னதைச் சொல்றேன்” என்றார்.

அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. பெரியவர் சரி என்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு காபி போடப் போய்விட்டேன்.

அவர் பார்த்த உத்தியோகம் அப்படி, அதை நான் யோசித்திருக்க வேண்டும். ரயில்வே மெயில் சர்வீஸில், ஆர்.எம்.எஸ். என்பார்களே, அதில் முப்பத்தாறு வருஷம் சார்ட்டர். ஓடுகிற ரயிலில் தபாலுக்கென்றே தனியாக ஒரு பெட்டி கோத்திருப்பார்கள். அதற்குள் சுவர் முழுக்க ஊர்ப் பேர் எழுதின சின்னச் சின்ன அறைகள். மூட்டையைக் கொட்டி, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து அந்த அறைகளில் அடுக்க வேண்டும். இன்றைக்கும் மாத்திரையை அப்படித்தான் அடுக்குவார். காய்கறிப் பையைக் கொண்டுவந்து வைத்தால் கத்தரிக்காய் ஒரு பக்கம், வெண்டைக்காய் ஒரு பக்கம், அவருக்குக் கை சும்மா இருக்காது. சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பெருமைதான். “லட்சக்கணக்கான கடுதாசி இந்தக் கை வழியாப் போயிருக்கு. ஒண்ணைக்கூட வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்ததில்லை.” கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போன வசனம்.

எங்கள் ஹாஸ்டலில் எப்படித் தெரியுமா? வீட்டிலிருந்து வருகிற கடிதத்தை வார்டன் சிஸ்டர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். அதனால் என்ன கெட்டுப்போனோம்? எட்டாம் வகுப்பில் என் சின்ன அத்தை இறந்துபோன கடிதம் வந்தது. அரையாண்டுப் பரீட்சை முடிகிறவரை வைத்திருந்து பதினோரு நாள் கழித்துக் கொடுத்தார்கள். நல்லதுக்குத்தான். அந்தத் தடவை நான்தான் முதல் ராங்க். அதற்காக நான் ஒன்றும் அழுது புரளவில்லை. பாத்ரூமில் கொஞ்சம் அழுதேன். அதை விடுங்கள்.

ஏழெட்டு மாசம் ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது. ஏழரைக்கு அவள் கூப்பிடுவாள், இவர் மாடி வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார், எட்டு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது எனக்குச் சேதி வரும். “சுபிக்கு லேசா சளி. மேனேஜர் மாறிட்டாராம். பருப்புப் பொடி தீர்ந்துபோச்சாம்.” நான் பொடி அரைத்து அனுப்புவேன். மகள் விஷயம் எல்லாம் எனக்கு விரல் நுனியில் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் நாத்தனார் ஒரு தடவை, “உங்க பொண்ணு உங்ககிட்ட எல்லாம் சொல்லுவாளா அண்ணி?” என்று கேட்டாள். “ஒளிவு மறைவே கிடையாது” என்றேன். மாமா அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

புரட்டாசி பிறந்து பத்து நாள் இருக்கும். “பெங்களூர்ல ஒரு வேலை இருக்கு பிரேமா. போயிட்டு நாலு நாள்ல வந்துடறேன்” என்றார். எண்பத்தொரு வயதில், அந்த முழங்காலோடு. “ஆர்.எம்.எஸ். பென்ஷன்காரங்க கூட்டமா மாமா?” என்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “அந்தப் பொடி டப்பா மூடி சரியா இல்ல, வேற டப்பாவுல போட்டுக் குடு” என்றார். பொய் சொல்லிவிட்டுப் போனார் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். என் வீட்டுக்காரர்தான், “அவர் எங்கடி சொன்னார், கூட்டம்னு நீதானே சொன்ன” என்கிறார். அப்பாவுக்குப் பரிந்துகொண்டு வருவதற்கு மட்டும் அவருக்கு வாய் இருக்கிறது.

நான் என்னென்ன கொடுத்தனுப்பினேன் என்று கேளுங்கள். பருப்புப் பொடி, மோர் மிளகாய், புளிக்காய்ச்சல், அதிரசம். கூடவே ஓசூர்ப் பையனின் போட்டோவை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். எப்படியும் சுபியைப் பார்ப்பீர்கள், நேரில் காட்டிப் பக்குவமாகப் பேசிவிட்டு வாருங்கள் மாமா என்றேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நாலு நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா சிஸ்டர்? எங்கள் குடியிருப்பில் முதியோர் தின விழா வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். நன்றாகப் பேசுவேன், பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் நான்தான். மைக்கைப் பிடித்து, இந்தக் காலத்தில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் பெரியவர்கள்தான் பாலம், என் வீட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது, என் மாமனார் இல்லையென்றால் என் மகள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது என்று பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஹாட் பாக்ஸ் ஒன்று பரிசு கொடுத்தார்கள். அதை இன்னும் பிரிக்கவில்லை. பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்தாம் நாள் வந்தார். நாலு நாளில் நாலு வயது கூடின மாதிரி இருந்தார். சுபியைப் பார்த்தீர்களா என்றேன். பார்த்தேன் என்றார். எப்படி இருக்கிறாள்? “இப்ப நல்லா இருக்கா.” பொடி பிடித்ததா? “ரெண்டு நாள் கழிச்சுச் சாப்பிடறேன்னா.” போட்டோவைக் காட்டினீர்களா? பையிலிருந்து அந்தக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார், கொடுத்தபடியே இருந்தது. “குடுக்க அது நேரமில்லம்மா” என்றார். எனக்குக் கோபம் வந்தது. இதற்குக்கூட உதவாமல் எதற்குப் போனீர்கள் என்று கேட்டுவிட்டேன். இன்றைக்கு யோசித்தால் ஒவ்வொரு பதிலும் நிஜம்தான். அதுதான் கொடுமை. ஒரு பொய் சொல்லியிருந்தால் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம்.

ஒரு வாரம் போனது. நான் மளிகைக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமா ஒரு பழுப்புக் கவரை நீட்டினார். நன்றாக ஒட்டி, தபால்தலை ஒட்டி, பின்கோடுக்குக் கீழே கோடு போட்டு, அச்சடித்த மாதிரி எழுதியிருந்தது. “கால் இழுக்குது பிரேமா, போற வழியில பெட்டியில போட்டுடு.” வாங்கிக்கொண்டு தெரு முனைவரை போனேன். தபால் பெட்டிக்கு முன்னால் நின்று விலாசத்தைப் பார்த்தால் பெங்களூரில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி. உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

பயந்துவிட்டேன் சிஸ்டர், சத்தியமாகச் சொல்கிறேன். இவருக்குத்தான் ஏதோ பெரிய வியாதி, நம்மிடம் சொல்லாமல் போய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் பிரித்திருப்பார்கள். அவர்மேல் இருந்த அக்கறையில்தான் பிரித்தேன்.

உள்ளே கயிறு கோத்த பிளாஸ்டிக் அட்டை. நோயாளிக்குத் துணை இருப்பவர் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுக்கிற பாஸ். துணையிருப்பவர், குஞ்சிதபாதம். உறவு, தாத்தா. நோயாளி, சுபிக்‌ஷா, வயது இருபத்தாறு, நான்காவது மாடி, பெண்கள் அறுவைச் சிகிச்சைப் பிரிவு. அதோடு இங்கிலீஷில் ஒரு கடிதம், தங்கள் மருத்துவமனைக்குச் சொந்தமான இந்த அட்டை கவனக்குறைவால் என்னோடு வந்துவிட்டது, வருந்துகிறேன், பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதவும் என்று. யாராவது செய்வார்களா? ஒரு பிளாஸ்டிக் அட்டை. மற்றவர்கள் குப்பையில் போட்டிருப்பார்கள், எனக்கும் ஒன்றும் தெரியாமலே போயிருக்கும். இவருக்கு அடுத்தவர் பொருள் கையில் இருந்தால் தூக்கம் வராது. அதை என்னிடமே கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். ஒட்டின கவரை ஒருத்தி பிரிப்பாள் என்று அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

அங்கேயே, தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று அவளைக் கூப்பிட்டேன். கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி இருந்ததாம். பெரிய கட்டியாம். எடுத்துவிட்டார்களாம். கட்டியோடு ஒரு பக்கத்துச் சினைப்பையையும் எடுத்துவிட்டார்களாம். இன்னொன்று நன்றாக இருக்கிறதாம், பயமில்லையாம். யாரோ அயலாருக்கு நடந்தது போலச் சொல்கிறாள். நான் புளிக்காய்ச்சல் கிண்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன் சிஸ்டர். அவளுக்கு அங்கே தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் படபடப்பில் முதலில் என்ன கேட்டேன் என்றுகூடச் சரியாக ஞாபகம் இல்லை. குழந்தை பிறப்பதற்குத் தடை ஒன்றும் இல்லையே என்று கேட்டேன் போலிருக்கிறது. ஆபீஸில் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். எந்தத் தாயும் கேட்பதுதான். அவள் “இதுக்குத்தாம்மா சொல்லல” என்றாள். வைத்துவிட்டாள்.

எதற்குத்தான்? நானும் நாலு மாசமாக யோசிக்கிறேன், எதற்குத்தான் என்று பிடிபடவில்லை. அவள் நல்லதுக்குத்தானே கேட்டேன்? அன்றைக்கே ஓசூர்க்காரர்களைக் கூப்பிட்டு, பெண்ணுக்குக் குடல்வால் ஆபரேஷன், வேறொன்றும் இல்லை என்று முந்திக்கொண்டு சொல்லிவைத்தேன். அவர்கள் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். வேறு வழியில் காதுக்குப் போனால் என்ன ஆவது? அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஃபோன் வருவதில்லை. அது போகட்டும்.

வீட்டுக்கு வந்தேன். மாமா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அட்டையையும் கிழித்த கவரையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை சிஸ்டர். கவரைத்தான் எடுத்துப் பார்த்தார். கிழித்த ஓரத்தை விரலால் தடவினார்.

“ஒட்டின கவர்மா இது” என்றார்.

“உங்களுக்கு இதுதான் பெருசா மாமா? என் பொண்ணு வயித்தைக் கிழிச்சிருக்காங்க. பெத்தவளுக்குத் தெரியாது. நீங்க போய் உக்காந்துட்டு வந்திருக்கீங்க.”

“கூப்பிட்டா. போனேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? உங்களுக்கு எதுக்கு என் ஃபோனைக் குடுத்தேன்?”

“அவ என்கிட்ட குடுத்த சேதி உன் விலாசத்துக்கு இல்லம்மா. விலாசம் இல்லாததை நான் எங்க கொண்டுபோய்க் குடுக்கறது? அம்மாவுக்குச் சொல்லு, அம்மாவுக்குச் சொல்லுன்னு அவகிட்ட தினம் சொல்லிட்டுத்தான் இருந்தேன். சொல்றேன் தாத்தா, சொல்றேன் தாத்தான்னா. ஒரு வாரத்துல சொல்லியிருப்பா.” கவரைத் திரும்பவும் பார்த்தார். “நீ பிரிச்சுட்ட.”

துரோகம் செய்தவர் அவர். குற்றவாளி மாதிரி நின்றது நான்.

அதோடு விட்டாரா? எழுந்து போய் ஒட்டுகிற டேப்பைக் கொண்டுவந்தார். அட்டையையும் கடிதத்தையும் அதே கவரில் போட்டு, கிழிந்த வாயை ஒட்டினார். பேனாவை எடுத்து அதன்மேல் இங்கிலீஷில் எழுதினார். ‘திறந்த நிலையில் காணப்பட்டது, மறுபடி ஒட்டப்பட்டது’ என்று. கையெழுத்து, தேதி. தபாலில் கிழிந்து வருகிற கவர்களுக்கு அப்படி எழுதித்தான் மேலே அனுப்புவார்களாம். என் வீட்டில், என் சாப்பாட்டு மேஜையில், என் கண் முன்னால் எழுதினார் சிஸ்டர். இரண்டு அறை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பிறகு அந்தக் காலை இழுத்துக்கொண்டு அவரே தெரு முனைக்குப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரும்பி வர அரை மணி ஆயிற்று.

அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சு. நான் தட்டை வைப்பேன், அவர் சாப்பிடுவார். “போதும்” என்பார். அவ்வளவுதான். சுபியும் என்னைக் கூப்பிடுவதில்லை. நான் கூப்பிட்டால், மீட்டிங்கில் இருக்கிறேன்மா என்று ஒரு மெசேஜ் வரும். என் வீட்டுக்காரரிடம் சொன்னால் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். “உங்க மூணு பேருக்கு நடுவுல நான் வரல.”

ஆனால் ஏழரை மணி ஃபோன் மட்டும் நிற்கவில்லை. இப்போது அதிலும் ஒரு புதுக் கூத்து. முன்பெல்லாம் மாடிக்குப் போய் ரகசியம் பேசினவர், இப்போது கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து பேசுகிறார். பிரம்பு நாற்காலி டிவியைப் பார்த்துக் கிடக்கும். ஏழே காலுக்கு அதை இழுத்து அடுப்படிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார். காது கேட்காதவர் என்றால் சரி, அடுத்த வீட்டில் பால் பொங்கினால் இங்கிருந்தே சொல்கிற காது அவருக்கு. அதனால்தான் உங்கள் ஃபாரத்தில் கோடு போட்டு எழுதினேன், உங்களிடமும் காது மந்தம் என்று நாடகம் ஆடுவார், ஏமாறாதீர்கள். எடுத்ததும் முதல் வார்த்தை, “ஸ்பீக்கர்ல இருக்கு சுபி.” தினமும் அதே வார்த்தை. அவளும் தினமும், “தெரியும் தாத்தா” என்கிறாள்.

கேட்கிற கேள்வியாவது அவர் வயதுக்குத் தகுந்ததா? “தலைக்கு எண்ணெய் வெச்சியா? மாச வலி எப்படி இருக்கு? டாக்டர் குடுத்த இரும்பு மாத்திரை தீர்ந்துதா?” எண்பத்தொரு வயது ஆம்பிளை பேத்தியிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் சொன்னதைத் திருப்பி ஒருமுறை உரக்கச் சொல்வார். “ஓ, வலி குறைஞ்சிருக்கு. சரி. ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி. சரி.” எதற்குத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்கிறேன். நான் ஏழரைக்குக் குக்கர் வைப்பதை விட்டுவிட்டேன். விசில் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. ஒட்டுக்கேட்கவில்லை சிஸ்டர், என் அடுப்படியில் நான் நிற்கிறேன், அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. தையல் போட்ட இடம் குளிருக்கு இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் சொல்கிறாள், “வலிச்சுதான்னு மட்டும் யாரும் கேக்கலை தாத்தா. நாலு மாசம் ஆச்சு.” அவர் அடுப்படியைப் பார்த்தார். “கேப்பாங்கம்மா” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். இதை அவரிடம் ஏன் சொல்கிறாள்? அவர்தான் கேட்டாரே, பக்கத்திலேயே உட்கார்ந்து நாலு நாள் பார்த்தாரே. ஊரெல்லாம் கேட்கும்படி என் வீட்டுக் கூடத்தில், என்னைப் பற்றி என் முன்னாலேயே குறை படிக்கிறார்கள் இரண்டு பேரும். மறுநாளே உங்கள் விலாசத்தை விசாரித்தேன். அவருக்கு இன்னும் தெரியாது. பல் டாக்டரிடம் போகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சின்னப் பொய்தான், யார் மனதும் நோகக் கூடாதே.

இது என்ன, விதிமுறைத் தாளா? கொடுங்கள், கண்ணாடி இருக்கிறது. அறைக்கு இரண்டு பேர். சரி. வெள்ளிக்கிழமை டாக்டர். நல்லது. பார்வையாளர் நேரம் ஞாயிறு பத்திலிருந்து ஐந்து வரை. இரவு உணவு ஏழு மணி. கைப்பேசிகளை ஏழு மணிக்கு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், காலையில் திருப்பித் தரப்படும்.

ஏழுக்கே ஏன் சிஸ்டர்? ஒருவர் பேச்சு இன்னொருவர் தூக்கத்தைக் கெடுக்கும். நியாயம்தான். ஆனால் அவள் ஏழரைக்குத்தானே கூப்பிடுவாள். ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற நேரம் அது. ஒருத்தருக்கு மட்டும் எட்டு வரை விட முடியாதா? விடுவீர்களா, மேலே கேட்டுச் சொல்கிறீர்களா? சரி. அப்படி விட்டால் நானும் அந்த நேரத்துக்கு இங்கே வந்து… தினமும் வர முடியாது, ஞாயிற்றுக்கிழமைதான், அதுவும் ஐந்து மணிவரைதான். தெரிகிறது. படித்தேனே.

இல்லை, எனக்கு ஒன்றும் அதைக் கேட்டாக வேண்டும் என்றில்லை. அவர் பாட்டுக்கு இங்கே பேசட்டும். இங்கே ஸ்பீக்கரும் போட மாட்டார், உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. இங்கே எதற்கு ஸ்பீக்கர்? அவருக்குத்தான் காது நன்றாகக்…

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் சிஸ்டர்.

ஒன்றுமில்லை. வெயிலில் வந்தது. போதும், இவ்வளவு போதும்.

மணி என்ன இப்போது? ஐந்தே முக்காலா? வெளியே டவுன் பஸ் எத்தனை மணிக்கு? ஆறுக்கு ஒன்று இருக்கிறதா, அது போதும், ஏழுக்கெல்லாம் போய்விடுவேன். ஃபாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். இல்லை, நிரப்பி அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. இது என் மாமனார் பெயர் எழுதின தாள், உங்கள் மேஜையில் எதற்குக் கிடக்க வேண்டும், அதற்காகச் சொன்னேன். ஒரு கவர் இருந்தால் கொடுங்கள், போட்டு எடுத்துப் போகிறேன். ஒட்ட வேண்டாம்.

ஏழே காலுக்கு அந்தப் பிரம்பு நாற்காலியை இழுக்க ஆரம்பித்துவிடுவார், அந்த முழங்காலோடு. அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். இன்றைக்கு அதை அடுப்படிப் பக்கம் திருப்பிப் போட வேண்டியதில்லை, நான் கூடத்தில்தான் இருப்பேன்.